செக்கும் திருவிளக்கும்

தொழிலை இழந்தவன் தன் தர்மத்தையும் இழந்தவனாவானோ என்னும் வினா கணினி யுகத்தில் புதிதாய் எழுந்ததன்று. திருவொற்றியூரில் செக்காட்டி, அவ்வருவாயால் திருக்கோயிலில் அல்லும் பகலும் விளக்கெரித்த கலிய நாயனாரின் சரித்திரத்திலேயே சேக்கிழார் அதனை நம் முன் வைத்திருக்கிறார். செல்வமெல்லாம் கரைந்தபின் பிறர் செக்கில் கூலிக்கு உழைத்த அவ்வடியார், கூலியாட்கள் பெருகியதால் அவ்வேலையும் கிடைக்காமற்போகவே, எண்ணெய்க்கு ஈடாகத் தம் உதிரத்தையே வார்க்கத் துணிந்து கழுத்தை அரிந்தார் என்றும், இறைவன் அவர் கரத்தைப் பற்றித் தடுத்தாட்கொண்டான் என்றும் சேக்கிழாரின் பெரிய புராணம் கூறுகிறது.

கலியருக்கு நேர்ந்த நிலை அச்சுக்கோப்போருக்கும் நேர்ந்தது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் அச்சேறிய காலந்தொட்டு, தமிழ் நூல்கள் பெரும்பாலும் கையால் கோக்கப்பட்ட எழுத்துக்களைக் கொண்டே உருப்பெற்றன. சென்ற நூற்றாண்டின் இறுதியில் கணினி அச்சுக்கோப்பு பரவவே, ஈயத்தால் வார்க்கப்பட்ட அவ்வெழுத்துக்கள் எடைக்குப் போயின. இடக்கையில் ஸ்டிக் என்னும் கோப்புச்சட்டத்தை ஏந்தி, கேஸ் என்னும் எழுத்துப்பெட்டியின் அறைகளிலிருந்து எழுத்துக்களை மளமளவெனப் பொறுக்கிக் கோத்து, இடவலம் மாறித் தோன்றும் வரிகளைத் தடையின்றி வாசித்த கம்போசிட்டர் என்னும் அச்சுக்கோப்பாளரின் வித்தை, அதன்பின் அவருக்கு ஒரு பிடி சோற்றுக்கும் வழிசெய்யவில்லை. இன்று செயற்கை நுண்ணறிவின் வருகையால், கணினிக்கு நிரல் எழுதுவோரையே தம் தொழிலும் போய்விடுமோ என்னும் அச்சம் பற்றியிருக்கிறது.

பலனில் பற்று வையாது கர்மத்தைச் செய் என்னும் கீதோபதேசத்தை இவர்களுக்கு எடுத்துரைப்பது எளிது. ஆனால் பற்றின்மை என்பது ஒருவன் தன் பலனைக் குறித்துத் தானே மேற்கொள்ளும் விரதமாதலால், பிறனுடைய ஜீவனத்தைப் பறிப்பவர்க்கு அது ஒருபோதும் நியாயமாகாது. கலியருக்குச் செக்கு சாதனம், விளக்கே தர்மம். அவ்வாறே கம்போசிட்டருக்கு ஈய எழுத்து சாதனம்; அறிவு பிறரைச் சென்றடையச் செய்வதே தர்மம். சாதனம் மாறுங்கால் புதியதைப் பயில்வது தொழிலாளியின் கடமையே. ஆயினும் அவன் பயிலும் காலத்தில் அவன் வீட்டு அடுப்பு அணையாமற் காப்பது, யந்திரத்தால் இலாபமடைந்தவர்களின் கடமை. நாயனாரின் கரத்தை இறைவன் பற்றினான் என்பதைக் கேட்டு உருகும் நாம், அயலானின் கரத்தைப் பற்றாதிருப்போமாயின் நம் பக்திக்குப் பொருளில்லை.

ஆகவே, யந்திரத்தை நிறுவும் முதலாளியும் அதற்கு இடந்தரும் அரசும், வேலையிழப்போர்க்குப் புதுத்தொழிற் பயிற்சியும் அது முடியுமளவும் வாழ்வதற்கான ஊதியமும் அளிப்பதைத் தானமென்று எண்ணாது, தீர்த்தே ஆகவேண்டிய கடனென்று கொள்ளல் வேண்டும்.