மனக்கணக்கும் அலைபாயும் கண்ணும்

16-ஐ 23-ஆல் பெருக்கினால் எவ்வளவு? தாளையோ கைப்பேசியையோ தொடாமல் இந்தக் கணக்கைப் போடும் ஒருவரின் கண்ணைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், கண்பாவை விரிவது தெரியக்கூடும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் ஹெஸ்ஸும் ஜேம்ஸ் போல்ட்டும் 1964-இல் இதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் விரிகிறது, 16×23 என்றால் இன்னும் அதிகமாக. விடை வாய்க்கு வரும்வரை விரிந்திருந்து, சொல்லி முடித்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. இரண்டு ஆண்டு கழித்து டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் கணக்கையே விட்டுவிட்டு வெறும் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார்கள். எண் ஏற ஏறப் பாவை விரிந்தது. திருப்பிச் சொல்லச் சொல்லச் சுருங்கியது. அறையின் வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்தச் சுமை எங்கே ஏறுகிறது? பதினாறு இருபது 320. அதை ஓரமாக வைத்துவிட்டுப் பதினாறு மூன்று 48 என்று காண வேண்டும். 48 கிடைப்பதற்குள் 320 நழுவிவிடக் கூடாது. இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்ய உதவும் இடத்தைச் செயல்நினைவு என்கிறார்கள். ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் 1974-இல் அதற்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள்: ஒலியாகத் திரும்பத் திரும்ப முணுமுணுத்து வைக்கும் பகுதி ஒன்று, உருவமாகவும் இடமாகவும் வைக்கும் பகுதி ஒன்று, இரண்டையும் மேய்க்கும் கவனம் ஒன்று. ஹிட்சு பிறகு 1978-இல் மனக்கணக்கையே எடுத்து ஆராய்ந்தார். சொல்லக் கேட்டு மனத்தில் கூட்டியவர்கள் பெரும்பாலும் கூட்டத் தெரியாமல் தவறவில்லை. தங்கள் முறைக்காகக் காத்திருந்த எண்கள்தான் மறந்துபோயின. எவ்வளவு நேரம் ஓர் எண் காத்திருந்ததோ அவ்வளவுக்குத் தவறும் கூடியது.

இந்த இடம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏழு என்றார். நெல்சன் கோவன் 2001-இல் நான்குக்குக் குறைத்துவிட்டார். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை, மாகாணி, அரைக்கால் என்ற பின்ன வாய்ப்பாடுகள் உட்பட, உருப்போடச் செய்ததை மூளைக்குச் செய்த கொடுமை என்று இன்று சொல்பவர்கள் உண்டு. கொடுமை பிரம்பில் இருந்திருக்கலாம். வாய்ப்பாட்டில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தானாக வந்து விழுந்தால், இருக்கிற நான்கு இடத்தில் ஒன்று மிச்சமாகிறது.

இனி கண். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த விரலின் அகலம்தான் ஏறக்குறைய நமக்குக் கூர்மையாகத் தெரியும் பரப்பு. அதனால் கண் வினாடிக்கு மூன்று தடவைபோலத் தாவிக்கொண்டே இருக்கிறது. தாவும் நேரத்தில் பார்வை மங்கிவிடுகிறது. கண்ணாடிமுன் நின்று இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால், நம் கண் அசைவதை நாம் ஒருபோதும் காண்பதில்லை. ஒரு தாவலிலிருந்து அடுத்த தாவலுக்கு மூன்று நான்கு பொருள்களுக்கு மேல் விவரமாக எடுத்துச் செல்ல முடிவதில்லை. அதே சிறிய எண்தான்.

இவ்வளவு குறைந்த வசதியில் உலகம் எப்படி முழுதாகத் தெரிகிறது? டானா பல்லார்டும் மேரி ஹேஹோவும் 1990-களில் செய்த சோதனை ஒன்று இதற்கு வழி காட்டுகிறது. திரையில் வண்ணக் கட்டைகளால் ஆன ஒரு கோலம். அதைப் பார்த்துப் பக்கத்தில் அதேபோல் அடுக்க வேண்டும். நான்கைந்து கட்டைகளை ஒரே பார்வையில் மனத்தில் வாங்க நம்மால் முடியும். ஆனால் சோதனையில் பங்கேற்றவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு கட்டையை எடுக்குமுன் நிறத்துக்காக ஒரு தடவை மூலத்தைப் பார்த்தார்கள், வைக்குமுன் இடத்துக்காக இன்னொரு தடவை பார்த்தார்கள். மூலத்தைத் தொலைவில் வைத்தபோதுதான் கண்ணின் போக்குவரத்து குறைந்து நினைவு கைகொடுத்தது. வெளியே இருப்பதை உள்ளே சேமிப்பானேன் என்பதே மனத்தின் வழக்கம். கண்ணசைவு மலிவு, நினைவு விலை அதிகம்.

வெளியே பார்க்க எதுவும் இல்லாதபோதும் கண் சும்மா இருப்பதில்லை. மனத்தில் தோன்றும் எண்களை ஒழுங்கின்றிச் சொல்லிக்கொண்டே வரும்படி சிலரிடம் கேட்டு, தோபியாஸ் லோட்ஷரும் கூட்டாளிகளும் அவர்கள் கண்ணைப் பின்தொடர்ந்தார்கள். அடுத்த எண் முந்தையதைவிடச் சிறியதானால், வாய் திறக்குமுன்பே கண் இடப்பக்கமும் கீழும் சாய்ந்தது. பெரியதானால் வலமும் மேலும். 2010-இல் வெளிவந்தது இது. இதையெல்லாம் அறியாமலே, கணக்கு கேட்டதும் விட்டத்தை அண்ணாந்து பார்க்கும் பிள்ளையிடம் "அங்க என்ன எழுதியா ஒட்டியிருக்கு? என்னைப் பார்த்துச் சொல்லு" என்று அதட்டுகிறோம். எதிரே இருக்கும் முகம் படிக்க வேண்டிய பொருள்களிலேயே கனமானது. முகத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொள்பவர்கள் கடினமான கேள்விக்குக் கூடுதலாகச் சரியான விடை சொல்கிறார்கள் என்பது பெரியவர்களிடமும் ஐந்து வயதுக் குழந்தைகளிடமும் சோதித்துக் கண்டது.

இதுவரை சொன்னது கண் நினைவுக்குச் செய்யும் உதவி. நினைவு கண்ணுக்குச் செய்வது இன்னும் ஆழமானது. பீட்டர் ஹாலெட் 1978-இல் ஒரு சோதனையை வகுத்தார். திரையின் நடுவே ஒரு புள்ளி. திடீரென்று ஒரு பக்கம் ஒளி தோன்றும். அதைப் பார்க்காமல் நேர் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். கேட்க எளிது. மூளையின் முன்மடலில் காயம்பட்டவர்கள் இதில் தொடர்ந்து தோற்கிறார்கள். கட்டளை அவர்களுக்குப் புரிகிறது, கேட்டால் திருப்பிச் சொல்கிறார்கள், ஆனாலும் கண் ஒளியின் பக்கம் ஓடிவிடுகிறது. 1994-இல் ரால்ஃப் ராபர்ட்சும் உடன் ஆய்வாளர்களும் நலமான இளைஞர்களுக்கு இதே சோதனையை வைத்து, கூடவே காதில் விழும் எண்களை மனத்தில் கூட்டிக்கொண்டே வரச் சொன்னார்கள். அவர்கள் கண்ணும் ஒளியின் பக்கம் ஓடியது, ஏறக்குறைய அந்த நோயாளிகளின் அளவுக்கு.

கூட்டலுக்கும் கண்ணை அடக்குவதற்கும் என்ன உறவு? "எதிர்ப்பக்கம் பார்" என்பதும் பிடித்து வைக்க வேண்டிய ஒன்றுதான். 320-ஐப் போல அதுவும் காத்திருக்கிறது, அதுவும் நழுவுகிறது. நழுவிய கணத்தில் கண் தன் பழைய இயல்புக்குத் திரும்பி, பளிச்சிடுவதன் பின்னே போகிறது. புலனடக்கத்தை நாம் குணம் என்றே பேசிவந்திருக்கிறோம். அடக்காதவனை உறுதியற்றவன் என்றோம். குணத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கண் வழிதவறும் அந்தக் கணத்தில் நடப்பது பெரும்பாலும் ஆசையின் வெற்றி அல்ல, நோக்கத்தின் மறதி. நோக்கத்தை நினைவில் நிறுத்துவதும் எண்ணை நினைவில் நிறுத்துவதும் ஒரே கையிருப்பிலிருந்து செய்யும் செலவு. கவலை மிகுந்த நாளில் சின்னச் சபலத்துக்கும் வளைந்துகொடுக்கிறோமே, அந்த நாளில் நம் குணம் கெட்டுவிடவில்லை. கையிருப்பு வேறெங்கோ செலவாகிக்கொண்டிருக்கிறது.

அச்சமும் அப்படிச் செலவழிப்பதுதான். மார்க் ஆஷ்கிராஃப்டும் எலிசபெத் கிர்க்கும் 2001-இல் காட்டியபடி, கணக்கென்றால் நடுங்குபவர்கள் மிகுதியாகத் தடுமாறுவது மீதி எடுத்துச் செல்ல வேண்டிய கூட்டல்களில், அதிலும் வேறொன்றை நினைவில் வைத்துக்கொண்டே போடும்போது. அச்சம் வந்து உட்கார்ந்த இடத்தில் மீதி எண்ணுக்கு இடமில்லை. வகுப்பு முழுதும் பார்த்திருக்க, எழுந்து நின்று, ஆசிரியர் முகத்தைப் பார்த்தபடியே மனக்கணக்குச் சொல்லும் பிள்ளையிடம் ஒரே நேரத்தில் எத்தனை பேர் கைநீட்டுகிறார்கள் பாருங்கள். அந்தப் பிள்ளையின் தடுமாற்றத்தைக் கொண்டு கணக்கறிவை அளக்க முடியாது. ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துவிட்டு நாமும் சற்று வேறுபக்கம் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். அதன்பிறகும் விடை தவறினால், அப்போது பெருக்கலைச் சொல்லிக்கொடுக்க உட்காரலாம்.