செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

1801 ஜூன் 16. திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கம் பெரிய கோயில் மதிலில் இன்னொன்று. எழுதியவர் சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருது. கோட்டைச் சுவரில் ஒட்டிய அறிக்கை, ஜம்புத்தீவு என்று அது அழைத்த நம் நாட்டின் நான்கு வருணத்தாரையும் முஸல்மான்களையும் ஒரே மூச்சில் அழைத்தது. கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் சம்பளம் வாங்கிய நம்மவர்களையும், சுபேதார் முதல் கடைசிச் சிப்பாய் வரை, அது விடவில்லை. கையிலுள்ள ஆயுதத்தை வெள்ளையர் மீது திருப்பச் சொன்னது.

மதிலோரம் நடந்துபோகும் ஒரு சிப்பாய் அதைப் படித்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? மாதம் பிறந்தால் சம்பளம் தருவது கும்பினி. வீட்டில் உலை கொதிப்பது அந்தக் காசில். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் அவன். துரியோதனன் பக்கம் நியாயம் இல்லை என்று தெரிந்தும் அவனுக்காகவே உயிர்விட்ட கர்ணனுக்குக் கூத்துக் களத்தில் விடிய விடியக் கண்ணீர் சிந்துகிற ஊர்கள் நம்முடையவை. அந்தக் கண்ணீரை இலேசாக ஒதுக்கிவிட முடியாது. சொன்ன சொல்லுக்கு நிற்பது என்பது இல்லாமல் போனால் எந்தப் படையும் கொள்ளைக் கூட்டம்தான்.

இதே கேள்வி அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பாரிஸ் தெருக்களிலும் எழுந்தது. 1789 ஜூலை 14 அன்று, அரசனின் சம்பளம் வாங்கிய பிரெஞ்சுக் காவற்படையினர் பலர் மக்களோடு சேர்ந்து பாஸ்டில் சிறையைத் தாக்கினார்கள். 1792 ஆகஸ்ட் 10 அன்று, அதே அரசனின் சுவிஸ் காவலர்கள் அரண்மனையைக் காத்து நின்று நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். அடுத்த மாதமே முடியாட்சி ஒழிந்து குடியரசு வந்தது. அரசு மக்களின் உரிமையை மிதிக்கும்போது எதிர்த்து எழுவது உரிமை மட்டுமல்ல, கடமையும் கூட என்று 1793-இல் அந்தக் குடியரசு எழுதிவைத்தது. ஒரு படை உப்பிட்டவனை மறந்தது, இன்னொன்று மறக்கவில்லை. இரண்டிலும் வீரம் இருந்தது. சரி எது என்பதற்கு வீரம் விடை சொல்லாது.

சோறு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். கும்பினி நெல்லைக் கப்பலில் கொண்டுவரவில்லை. காவிரி பாய்ந்த வயலில் விளைந்ததை வரியாக வாங்கி, அதில் ஒரு பிடியைச் சிப்பாயின் கையில் வைத்தது. அறிக்கை ஒட்டிய ஒன்றரை மாதத்தில், ஜூலை 31 அன்று, கர்நாடகச் சீமையின் ஆட்சியும் வரிவசூலும் ஆற்காட்டு நவாப்பின் கையைவிட்டு அடியோடு கும்பினிக்குப் போயின. அளந்து போட்ட கை கும்பினியுடையது; விளைவித்த கை குடியானவனுடையது. செஞ்சோற்றுக் கடன் உழுதவனுக்கே முதலில் சேரும். அந்தச் சிப்பாய் ஆயுதத்தைத் திருப்பியிருந்தால் அது துரோகம் ஆகியிருக்காது. திருப்பாமல் போனவன் கோழை என்றும் ஆகாது. பிடிபட்டால் தூக்கு, பிறகு பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

அறிக்கை தவறியது அந்தப் பிள்ளைகள் விஷயத்தில்தான். வெள்ளையருக்கு ஊழியம் செய்பவன் உண்ணும் சோறு சாரமற்றுப் போகட்டும் என்று சபித்ததோடு அது நிற்கவில்லை. அவன் மனைவியின் கற்பையும் பிள்ளைகளின் பிறப்பையும் சேர்த்து இழித்தது. கும்பினியிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்காத அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? பிரான்சின் குடியரசும் இதே குழியில் விழுந்தது. புரட்சியின்போது நாட்டைவிட்டு ஓடியவர்களின் உறவினர்களைப் பிணையாகப் பிடிக்க 1799 ஜூலையில் சட்டம் போட்டது. விடுதலையின் பெயரால் எழுந்தவர்கள் ஒருவன் செய்ததற்கு அவன் வீட்டாரிடம் கணக்குக் கேட்டார்கள். ஆள்பலம் குறைந்தவன் ஆத்திரத்தில் எழுதிய சாபத்தையும் படையும் சிறையும் உள்ள அரசு போட்ட சட்டத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் தவறு தவறுதான். பழைய அரசர்களுக்கே நாட்டை மீட்டுத் தர விரும்பிய அறிக்கை அது என்பதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம். குடியரசை அறிவித்த பிரான்சே 1804-இல் ஒரு பேரரசனுக்கு முடிசூட்டியது. ஆனால் இந்தச் சாபத்தை ஏற்க முடியவில்லை.

சின்ன மருதுவையும் அவர் அண்ணனையும் கும்பினி 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. வீட்டாரையும் அது விடவில்லை. அடுத்த பிப்ரவரியில் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட 73 பேரில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன், பதின்வயதுப் பையன். 1818-இல் கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் அங்கே போனபோது, தளர்ந்துபோன ஒருவர் அவர்முன் வந்து நின்றார். அடையாளம் தெரியவில்லை. தான் துரைசாமி என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. பிறகு அந்த ஆசானுக்கு எதிராகவே கும்பினிப் படையோடு போனவர் வெல்ஷ். அந்தச் சந்திப்பைத் தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.