சும்மா இருக்கிற வேலை

'சும்மாதானே உட்கார்ந்திருக்கே?' நம் ஊரில் இது கேள்வி இல்லை, வசவு. பழனி மலையின் மேல்மலைப் பக்கம், பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டுக் காட்டில் பாடுபட்டவருக்கு இன்னும் சுருக்கென்று தைக்கும்.

சிறுநீரகம் கைவிட்டால், ரத்த டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் படுக்க வேண்டும். மலைக்காரருக்குப் பயணமே பாதி உயிரை வாங்கிவிடும். வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு வழி, வயிற்று டயாலிசிஸ். 1968-ல் டென்காஃப் என்ற டாக்டர் வடிவமைத்த மெல்லிய குழாய் வழியாக வயிற்றில் திரவம் விட்டால், உள்சவ்வே கழிவை வடிகட்டும்.

வேட்டி, பாவாடை கட்டுகிற இடத்தை விட்டு, குழாய் வெளியே வரும் இடத்தைக் குறிப்பார்கள். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆபரேஷன் சின்னதுதான். கஷ்டம் அப்புறம். புண் ஆற ஏறக்குறைய இரண்டு வாரம். கட்டு நனையக் கூடாது, குழாய் இழுபடக் கூடாது, முக்கக் கூடாது, மூட்டை தூக்கவே கூடாது. தூக்கினால் பின்னால் திரவம் கசியலாம், குடலிறக்கம் வரலாம்.

'ஒரு குடம்தானே' என்று தூக்கிவிடுகிறோம். ஏன்? வலியைத் தாங்குகிற நமக்கு, இன்னொருவர் நமக்காகச் சுமப்பதைத் தாங்க முடியவில்லை. உதவுவது தர்மம் என்றால், வாங்கிக்கொள்வது மட்டும் அவமானமா? வாங்க ஆள் இல்லாமல் அந்தத் தர்மம் எப்படி நடக்கும்?

பிறகு தினமும் மூன்று, நான்கு தடவை, கை கழுவி, அந்தக் குளிரிலும் திரவப் பையை வெதுவெதுப்பாக்கி, அவரேதான் மாற்றிக்கொள்ளப் போகிறார். அதுவரை மகன் குடம் தூக்கட்டும். யாராவது 'சும்மாதானே இருக்கே?' என்றால், 'இல்லப்பா, வேலையா இருக்கேன்' என்று சொல்லட்டும்.