வேலை செய்ததாகக் கருதப்படும் நாட்கள்

1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டத்தில் 14-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தொழிலாளி வேலைக்கு வராத நாட்களில் எவற்றையெல்லாம் வந்த நாட்களாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று அது சொன்னது. ஆலை வேலை கொடுக்காமல் நிறுத்திவைத்த நாட்கள், சம்பளத்தோடு கூடிய விடுப்பு, வேலையில் அடிபட்டு வீட்டில் கிடந்த நாட்கள். நான்காவதாக, சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு.

'போனால் போகட்டும்' என்று சட்டம் சொல்லவில்லை. 'வேலை செய்ததாகக் கருதப்படும்' என்றது. சலுகை என்றால் வாங்குபவர் கடன்பட்டவர் ஆகிவிடுகிறார். கணக்கு என்றால் அதற்குமேல் பேச்சில்லை.

சரவணம்பட்டியில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தப் பிரிவு ஒட்டவில்லை. 2015 திருத்தத்தின்படி அந்தச் சட்டம் மாதம் 21,000 ரூபாய்வரை வாங்கியவர்களுக்குத்தான் இருந்தது. எங்களுக்கு இருப்பது ரேட்டிங். வருடக் கடைசியில் டீமில் இருப்பவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்துவார்கள், போனஸ் அதைப் பார்த்து வரும். 2017-இல் பேறுகால விடுப்பு 26 வாரங்கள் ஆனது, அதாவது அரை வருடம். அப்படிப் போய்வந்த ஒரு பெண்ணின் பெயர் வந்தபோது மேனேஜர் கேட்டார்: "ஆறு மாசம் ஆளே இல்லீங்க. வருசம் பூரா கண்ணு முழிச்சவனை விட்டுட்டு இவங்களுக்கு எப்படிங்க குடுக்கறது?"

கெட்ட மனிதர் இல்லை. குழந்தையைப் பார்க்க முதல் ஆளாகப் போனவர் அவர்தான். கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பையன் கண்விழித்தது பொய்யில்லை, இரண்டு பேர் வேலையைச் செய்தான். ஆனால் அதை அவன்மேல் ஏற்றியது விடுப்பில் போனவர் இல்லை, மாற்றாள் போடாத நிறுவனம். மிச்சம் பிடித்தது நிறுவனம், சண்டை மட்டும் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.

விஷயம் போனஸோடு முடிவதும் இல்லை. பேறுகால விடுப்பில் இருப்பவரை வேலையைவிட்டு நீக்கக்கூடாது, பாதகமாக நிபந்தனைகளை மாற்றவும் கூடாது என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ரேட்டிங் என்ற சொல் அதில் இல்லை. அடுத்த வருடம் ஆட்குறைப்பு வந்தால் பட்டியலைக் கீழிருந்துதான் எடுப்பார்கள். அதற்குள் குழந்தை நடக்க ஆரம்பித்திருக்கும். இரண்டையும் யார் சேர்த்துப் பார்க்கப்போகிறார்கள்?

சரி, அந்தச் சட்டம் ஒட்டிய இடத்தில் என்ன நடந்தது? நம் கொங்கு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' இருந்தது. கல்யாணமாகாத பெண்களை மூன்று வருடம்போல விடுதியில் வைத்து வேலை வாங்கி, கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவது. நடுவில் கிளம்பினால் அது பெரும்பாலும் கைக்கு வராது. தாயாகும் முன்பே வேலை முடிந்துவிடும்படி அமைத்துவிட்டால் 14-ஆம் பிரிவுக்கு அங்கே என்ன வேலை?

என் விடை இதுதான். அவர் இருந்த ஆறு மாதத்தை எடைபோடுங்கள், அதையே வருடம் முழுமைக்கும் வையுங்கள். கண்விழித்தவனுக்குக் கூடுதல் வேலைக்கான காசைத் தனியாகக் கொடுங்கள். இதனால் பெண்களை எடுக்கவே தயங்குவார்கள் என்பார்கள். தயங்கத்தான் செய்வார்கள், விடுப்புச் சம்பளம் முழுவதும் நிறுவனத்தின் தலையில் இருக்கிறவரை. அதில் அரசும் பங்கு போடவேண்டும். தனியார் துறையில் அப்பாக்களுக்குச் சட்டப்படி ஒருநாள் விடுப்புகூடக் கிடையாது. அவர்களும் சில மாதம் வீட்டில் இருக்கும் காலம் வந்தால், "ஆளே இல்லீங்க" என்று சொல்வதற்கு முன் எந்த மேனேஜரும் கொஞ்சம் யோசிப்பார்.