கதை யாருடையது?

எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கும் சொல்வதற்குக் கதை உண்டு. தான் எடுத்த நிழற்படங்களை அடுக்கி, தன் குரலைப் பதிந்து, கைபேசியிலேயே இரண்டு நிமிடக் கதையொன்றை அப்பிள்ளை ஆக்கலாம். விசேட தேவையுடைய மாணவருக்கு இக்கலையைக் கற்பிக்க முனையும் நாம் ஒரு வினாவுக்கு விடை கூறியாக வேண்டும்: முடிவில் எஞ்சுவது யாருடைய கதை?

பரிசளிப்பு விழாவை எண்ணி, பிள்ளையின் திக்கலை வெட்டி, படங்களை நம் விருப்பப்படி மாற்றி, இரக்கத்தைத் தூண்டும் இசையையும் சேர்ப்போமாயின், பிள்ளையின் பெயரில் நம் கதையையே சொன்னவராவோம்.

2006இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றி, 2016இல் இலங்கையும் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சமவாயத்தின் 21ஆம் உறுப்புரை, தாம் தெரிந்தெடுக்கும் வழியில் கருத்துரைக்கும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. ஆகவே, கருவியை இயக்கும் முறையை நாம் கற்பிப்போம். எதை வெட்டுவது, யாருக்குக் காட்டுவது என்பவற்றைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். அதற்கு ஒரு தவணை முழுவதும் செல்லுமாயினும் நாம் காத்திருப்போம்.