நிம்மதியும் ஓய்வும்

அமைதியைக் குறிக்க நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் வீட்டு வழக்கில் நாம் மிகுதியாக ஆள்வது ‘நிம்மதி’ என்பதே. கன்னடத்தார் இதனை ‘நெம்மதி’ என்று மனநிறைவுப் பொருளில் வழங்குவர். தெலுங்கிலும் ‘நெம்மதி’ உண்டு. ஆனால் அங்கே ‘நெம்மதிகா’ என்றால் ‘மெதுவாக, பதற்றமின்றி’ என்பதே அன்றாடப் பொருள். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரியை அடுத்த விஜயபுரம் ஆந்திரத்திலேயே நின்றது. இத்தகைய எல்லையூர்களில் இவ்விரு பொருள்களும் ஒரே தெருவில் உலவுகின்றன.

‘ஓய்வு’ இதனின் வேறு. மழை ஓய்ந்தது, கை ஓய்ந்தது என்கிறோம். நின்றுபோதலும் தளர்தலுமே அதன் பொருள். பணி முடித்தவரை நாம் ‘ஓய்வு பெற்றவர்’ என்போம். ஈழத்தமிழர் ‘இளைப்பாறியவர்’ என்பர். இளைப்பு ஆறியவர் மீண்டும் எழக்கூடுமன்றோ? அவ்வழக்கே நமக்கு உவப்பானது.

இச்சொல்லாராய்ச்சி எதற்கு எனலாம். ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில், முதிய பெற்றோரை அழைத்துவந்து, ‘நீங்கள் ஓய்வாக இருங்கள்’ என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். முதலில் அரிவாள்மணை போகிறது. பிறகு கடைக்குச் செல்லும் பை. பிறகு பால் கணக்கு. எஞ்சுவது சன்னலோரத்து நாற்காலி. அத்துணை ஓய்வுக்கிடையே அவர்கள் நிம்மதியிழந்து ஊர்ப்பேச்சை எடுத்தால், நன்றியில்லை என்று மனம் சுளிப்பாரும் நம்மிடை உண்டு. நோயுற்றவர் நிலை வேறு; மருத்துவர் சொல்லே அங்கு முடிவு. நலமாயிருப்பவரின் வேலையைக் கேளாமல் வாங்கிக்கொள்ள நமக்கு உரிமை ஏது?

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைக் கண்டிருப்பீர்கள். கருவுற்ற நிலையில் மாண்ட பெண்களின் நினைவாக அதனை நடுவது வழக்கம். நட்ட இரு கற்களின்மேல் கிடத்திய ஒரு கல். தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றித் தாமே இறக்கி, தாமே ஏற்றிக்கொள்ளத் தக்க உயரம். சுமை அவருடையதாகவே இருக்கிறது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் ஏறத்தாழ 3,550 படிகளிலும் முதியோர் பலர் இடையிடையே அமர்ந்து அமர்ந்து நெம்மதிகா ஏறக் காண்கிறோம். விரைந்து ஏறும் பேரப்பிள்ளைகள் மேலே காத்து நிற்பார்கள்.

ஆகவே அரிவாள்மணையைத் திரும்பக் கொடுத்துவிடலாம். ஒரு கட்டுக் கீரை ஆய ஒரு மணி நேரம் ஆகும். அன்று சாப்பாடு சற்றுத் தாமதமாகும்.