யாருடைய நேரம்?

பட்டம் வாங்கிய பெண்ணுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்குக் கைக்கடிகாரம் வாங்கலாமா, கூடாதா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று கேட்பீர்கள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை இதற்காகச் சண்டை நடந்தது. வாங்க நினைத்தவர் என் அக்கா. கட்டப் போகிறவள் அக்கா மகள். எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி.

நாங்கள் ஊரூர் ஒல்காட் குப்பத்தின் ஓரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். குப்பம் கடல்காரர்களுடையது. அரசாங்கத்தின் பட்டியலில் அவங்க இடம் வேற, எங்க இடம் வேற. ஆனால் பெசன்ட் நகர் அடுக்குமாடிகளுக்கு ரெண்டு பேருமே ‘குப்பத்து ஆளுங்க’தான். எங்கப்பா அப்படியொரு அடுக்குமாடியில் இருபது வருஷம் வாட்ச்மேன். கடைசிவரைக்கும் வாட்ச் இல்லாத வாட்ச்மேன்.

தோழர்களின் வாதம் நமக்குப் பழகிய வாதம். “சுவிட்சர்லாந்துக் கம்பெனிக்குக் கொட்டுற காசுல நம்ம பிள்ளைங்க அம்பது பேருக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாம். படிச்சவன் சமூகத்துக்குத் திருப்பித் தரணும்னு அம்பேத்கர் எதிர்பார்த்தாரா, இல்ல வாட்ச் கட்டிக்கச் சொன்னாரா?” என்றார் ஒருவர். நுகர்வு மோகம் நம்மையும் விழுங்கிவிட்டது என்றார் இன்னொருவர். நல்ல மனிதர்கள். தங்களுக்கென்று எதுவும் சேர்த்து வைக்காதவர்கள். அதனாலேயே அவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

ஆனால் எளிமை என்பது யாருக்கு அறம்? வைத்திருப்பவன் விட்டால்தானே அது துறவு. காந்தி இடுப்பு வேட்டியில் கடிகாரத்தைத் தொங்கவிட்டிருந்ததை எல்லாப் படத்திலும் பார்க்கலாம். அவருடைய ஜெனித் பாக்கெட் கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு எல்லாம் சேர்ந்து 2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. 18 லட்சம் டாலருக்கு எடுத்தவர் சாராய முதலாளி விஜய் மல்லையா. எளிமைக்குக்கூட அவ்வளவு விலை கிடைக்கிறது, அது சரியான ஆளின் எளிமையாக இருந்தால். அம்பேத்கரோ கோட்டும் சூட்டும் டையுமாகத்தான் நம் ஊர்முனைகளில் நிற்கிறார். அந்தச் சிலைகளைப் பெரும்பாலும் கம்பிக் கூண்டுக்குள்தான் வைக்க வேண்டியிருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது, சட்டை, பனியன் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த வருஷம், 1931இல், தடைகள் பதினொன்றாயின. அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் இவற்றைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். பதினொன்றையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆணும் பெண்ணும் நகை போடக் கூடாது என்று ஒன்று. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்று ஒன்று. மிராசுதாரர்களிடம் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலிவேலை செய்யவேண்டும், ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா என்று ஒன்று. அணிகலன், கல்வி, கடிகாரம் மூன்றும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன. நேரம் இருக்கிறது, மணிக்கணக்கு துல்லியமாக இருக்கிறது. ஆனால் அது மிராசுதாரன் கையில் இருக்கிறது.

அந்தக் காகிதத்துக்கு 37 வருஷம் முன்னாலேயே, 1894இல், கர்னல் ஒல்காட் இங்கே அடையாறில் பஞ்சமருக்கென்று இலவசப் பள்ளி தொடங்கிவிட்டார். அயோத்திதாசரை 1898இல் கொழும்புக்குக் கூட்டிப் போய்ப் பௌத்தம் தழுவச் செய்ததிலும் அவருக்குப் பங்குண்டு. எங்கள் குப்பத்தின் பெயரில் பாதி அவருடையது. ஒரே மாகாணத்தில் ஒரு பக்கம் பள்ளிக்கூடம், இன்னொரு பக்கம் படிக்கக் கூடாதென்ற தடை. இதெல்லாம் பழங்கதை என்று சொல்கிறவர்களுக்கு 2012ஐ நினைவூட்டுகிறேன். தர்மபுரி நாய்க்கன்கொட்டாயில் வீடுகள் எரிந்த சில வாரங்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குவதாகப் பேசினார். எண்பது வருஷத்தில் பனியன் போய் டி-ஷர்ட் வந்தது, அவ்வளவுதான். ஆகவே நம் உடம்பில் எது ஏறலாம் என்பதைத் தீர்மானிக்கும் வேலையை, எவ்வளவு நல்ல நோக்கத்தோடும், நாமே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி.

இதோடு நிறுத்தியிருந்தால் விவாதத்தில் ஜெயித்திருப்பேன். எனக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதைத் தோழர்கள் யாரும் கேட்கவில்லை.

நானூறு ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் ஒரு மாசத்துக்குச் சில விநாடிகள்தான் பிசகும். லட்சக்கணக்கில் விலை வைக்கும் சுவிஸ் ஆட்டோமேட்டிக்கோ, குரோனோமீட்டர் என்று தனியாகச் சான்று வாங்கியதாக இருந்தாலும், ஒரு நாளைக்கு 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம். 1969இல் ஜப்பானின் சீக்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்த பிறகு, சரியான நேரம் மலிவாகிவிட்டது. அப்புறம் விலை உயர்ந்த கம்பெனிகள் விற்பது நேரத்தை இல்லை, ‘இது எல்லாருக்கும் கிடைக்காது’ என்பதை. பொருளின் மதிப்பு உள்ளே ஓடும் சக்கரத்தில் இல்லை, வெளியே நிற்கிற ஆட்களில் இருக்கிறது. இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததா? கருவறையின் மதிப்பும் வெளியே நிறுத்தப்பட்டவர்களால் வந்ததுதானே. மேல்படியில் ஏறியதும் கீழ்ப்படியைப் பார்த்து வருகிற சுகம் சாதியின் சுகம். தலித் கையில் இருப்பதாலேயே அது வேறாகிவிடாது.

இதை அக்காவிடம் சொன்னேன். நண்டு கழுவிக்கொண்டிருந்தது. நிமிரக்கூட இல்லை.

“எனக்கு இருபது வருசமா ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் நேரம் சொன்னாங்கடா. ஆறரைக்கு வா, ஒம்போதுக்கு வா. லேட்டானா வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, செவுத்து கடியாரத்தைப் பாப்பாங்க. அது திட்டுறதவிட மோசம். எம்பொண்ணு அவ கையைப் பாத்து அவளே தெரிஞ்சிக்கட்டும். நீ கருவறை கிருவறைன்னு எதையாவது பேசிட்டுக் கெட.”

அக்காவுக்கு ரெண்டு வீட்டிலும் சேர்த்து மாசம் ஒன்பதாயிரம். முப்பதாயிரம் என்றால் மூணு மாசத்துக்கும் மேலான காலைப்பொழுதுகள். தோழர்கள் அதைச் சமூகத்தின் பணம்போல நினைத்து நோட்டுப் புத்தகமாக மாற்றிப் பார்த்தார்கள். சம்பாதித்தவளை ஒருவரும் கேட்கவில்லை. பெண்ணின் உழைப்பு எப்போதும் பொதுச்சொத்து! அம்பேத்கர் 1945இல் காந்தியத்தை விமர்சித்து எழுதும்போது, உழைக்கிறவனுக்கு ஓய்வு வேண்டும், ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை, அதற்காகத்தான் எந்திரம் வேண்டும் என்று வாதாடுகிறார். ஓய்வு என்றால் தன் கையில் இருக்கிற நேரம். அக்கா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. ஆனால் பெண்ணுக்கு வேலை கிடைத்தால் வாசலில் விரல்ரேகை வைக்கச் சொல்லும் எந்திரமும் நேரம் சொல்லத்தானே போகிறது என்று நான் கேட்டதற்கு, “அதுக்குச் சம்பளத்தோட லீவும் உண்டுல்ல?” என்றது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

தி.நகரில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்காமலே ரெண்டாயிரம் ரூபாய்த் தட்டை எடுத்து வைத்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவனும் பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறவன். அக்காதான் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, “அத எடுப்பா” என்றது. ‘சுவிஸ் எதுக்கு, டைட்டன் வாங்குங்க, அது 1984இல் நம்ம டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கினது, ஓசூர்ல செய்யறது’ என்று ஒரு தோழர் சொல்லி அனுப்பியிருந்தார். டாடா எப்போது நம்மாளானார் என்று நான் கேட்கவில்லை.

பெட்டியிலிருந்து வந்த முதல் கடிகாரத்தில் எண்களே இல்லை, வெறும் கோடுகள். முப்பத்தாறாயிரம். அழகாகத்தான் இருந்தது. அக்கா மகள் கட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டாள். “எங்கம்மாவுக்குப் படிக்க வராது. ஒண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும் நம்பர் போட்டது காட்டுங்க.” அப்படி ஒன்று இருபத்தேழாயிரத்துக்குக் கிடைத்தது. அதுவும் சுவிஸ்தான். வாங்கிவிட்டார்கள்.

2022 டிசம்பரில் ஒரு கட்சித் தலைவர் கட்டியிருந்த ரஃபேல் கடிகாரத்துக்குப் பில் எங்கே என்று தமிழ்நாடே கேட்டது. அவர் அடுத்த ஏப்ரலில் நிதானமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் காட்டினார். நம்ம பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியை ராத்திரி பஸ் ஸ்டாப்பில் கேட்பார்கள், நாலு மாசம் தவணை தரமாட்டார்கள். அக்கா பில்லை ரெண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பிளாஸ்டிக் உறை போட்டு மகள் பையில் வைத்தது. இன்னொன்று வீட்டு ஃபைலில் இருக்கிறது. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், மார்க் ஷீட், அதற்கடுத்து அது.